800 சி.சி.யை 850 ஆக்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

கல்கரியில் இருக்கும் என் அக்காவின் மகன் கடந்த கார்த்திகை மாதம் வட்ஸ்அப்பில் மூன்று விலைப்பட்டியல்களை அனுப்பி, "மாமா, இதில எதை எடுக்கிறது?" என்று கேட்டிருந்தான். மூன்றும் மலைப்பனியில் ஓடும் அவனுடைய ஸ்னோமொபைலின் இயந்திரத்தைப் பெரிதாக்குவதற்கான பிக் போர் கிற்கள். நான் பனியைக் கண்டதில்லை. ஆனால் அந்த வண்டிக்குள் இருப்பது இரண்டு சிலிண்டர் கொண்ட ரூ ஸ்ரோக் இயந்திரம். கிளிநொச்சியில் பழைய ரூ ஸ்ரோக் ஓட்டோக்களைக் கழற்றிப் பூட்டித் தொழில் பழகியவன் என்பதால் அதன் குணம் எனக்குத் தெரியும். அதே கிழமையில் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி பல்சர் 150 வண்டியோடு கராஜுக்கு வந்து, பல்சர் 180 இன் சிலிண்டர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இருவருமே முதலில் சொன்னது சி.சி. கணக்கைத்தான். கிற் ஒன்றைத் தெரிவு செய்யும்போது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அதுவென்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மருமகனுடையது பொலாரிஸ் 800. அதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 85 மி.மீ., பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ரோக் 70 மி.மீ.; இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 795 சி.சி. போரை 88 மி.மீ. ஆக்கினால் 851 சி.சி. அளவில் வரும். நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. இனி மலையின் கணக்கைப் பார்ப்போம். அவன் வண்டியை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு 400 கி.மீ. மேற்கே உள்ள ரெவெல்ஸ்ரோக் மலைகளுக்குப் போகிறான். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, பொதுக் கணக்கில், நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே அவனுடைய 795 சி.சி. இயந்திரம் அங்கே இழுப்பது, எங்கள் கிளிநொச்சித் தரையில் 650 சி.சி. இயந்திரம் இழுக்கும் காற்றைத்தான். மலை பதினெட்டுப் பங்கை எடுத்துக்கொள்கிறது. கிற் ஏழு பங்கைத் திருப்பித் தருகிறது. அந்த இழப்பை உண்மையில் ஈடுசெய்யக்கூடியது, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டேர்போ. ஸ்கீ-டூ நிறுவனம் 2020 ஆம் ஆண்டு மொடலில் தொழிற்சாலையிலேயே டேர்போ பூட்டிய 850 ஐ வெளியிட்டு, 165 குதிரைவலுவை ஏறத்தாழ 2,400 மீற்றர் வரை குறையாமல் தரும் என்று சொன்னது இதற்காகத்தான்.

அப்படியென்றால் பிக் போர் வீணா என்று கேட்டால், வீணில்லை, ஆனால் அதற்கொரு நேரம் இருக்கிறது என்பேன். பிஸ்ரன் தேய்ந்து, அது காற்றை அமுக்கும் அளவான கொம்பிரஷன் விழுந்து, எப்படியும் மேற்பாகத்தைத் திறந்து பிஸ்ரன், றிங், கஸ்கற் எல்லாம் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில் உள்ள இயந்திரத்துக்கு, இன்னும் கொஞ்சம் செலவழித்து ஏழு பங்கு வலுவைச் சேர்ப்பது நியாயம். நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தை அந்த ஏழு பங்குக்காகத் திறப்பது நியாயமில்லை. மருமகனுடைய வண்டியில் ஒரு பிஸ்ரனின் பக்கச் சுவர் கீறுப்பட்டிருந்ததைப் படத்தில் பார்த்த பிறகுதான் நான் கிற்களைப் பற்றிப் பேசச் சம்மதித்தேன்.

அவன் அனுப்பிய மூன்றும் மூன்று விதம். முதலாவதில், அவன் தன்னுடைய சிலிண்டர்களைக் கழற்றி அனுப்ப வேண்டும். அவர்கள் அவற்றைப் பெரிதாகக் கடைந்து, உட்சுவருக்குப் புதிதாக நிக்காசில் என்ற பூச்சைப் பூசி, பிஸ்ரனோடு திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது, பெரிய போருக்கென்றே புதிதாக வார்த்த சிலிண்டர்கள். பிஸ்ரன் சுழற்றும் கிராங்க் தண்டு இருக்கும் அடிப்பெட்டியான பழைய கிராங்க் கேஸின் மேல் அப்படியே உட்காரும். மூன்றாவது அதிலும் பெரியது. அதை இருத்துவதற்குக் கிராங்க் கேஸின் வாயைக் கடைய வேண்டும், கிராங்க் உட்பட முழு இயந்திரத்தையும் பிரிக்க வேண்டும். கிராங்க் பெயரிங்குகள் நன்றாக இருக்கும்போது அந்த வேலைக்குள் இறங்குவது கூடாது என்று மூன்றாவதை உடனேயே தள்ளிவிட்டேன்.

எங்கள் ஊர் வாசகர்களுக்கு நிக்காசில் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பழைய ஓட்டோவின் சிலிண்டருக்குள் இரும்பு உறை இருக்கும். 57 மி.மீ. போர், 57 மி.மீ. ஸ்ரோக், 145 சி.சி.; தேய்ந்தால் லேத்தில், அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில், பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று நான்கு தடவை றீபோர் அடித்து, அளவுக்கேற்ற பிஸ்ரன் போட்டு ஓடலாம். ஸ்னோமொபைலில் அந்த உறையே இல்லை. அலுமினியச் சுவரின் மேல் நிக்கலும் சிலிக்கன் கார்பைட்டும் கலந்த பூச்சு, மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குக்கும் மெல்லியதாக இருக்கிறது. அதைக் கடைந்தால் பூச்சுப் போய்விடும், மறுபடி பூசித்தான் ஆக வேண்டும். எனவே முதலாவது வகையில் நீங்கள் காசு கொடுப்பது பூசுகிறவரின் கைக்கும், அதற்குப் பிறகு போர்ட் வாய்களை, அதாவது காற்றும் புகையும் போய்வரச் சுவரில் வெட்டிய துவாரங்களை, செப்பனிடுகிறவரின் கண்ணுக்கும்தான்.

இந்தப் போர்ட் வாய் விடயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மாங்குளத்து ஓட்டோ ஒன்றின் சிலிண்டரை ஒரு பட்டறையில் றீபோர் அடித்து வாங்கிவந்து, போர் அளவை மட்டும் பார்த்துவிட்டுப் பூட்டினேன். கடைந்த பின் போர்ட் வாய்களின் விளிம்பு கத்தி போல் கூராக நிற்கும். அதை அரம் கொண்டு சாய்வாக மழுக்கிவிட வேண்டும். அந்தப் பட்டறை அதைச் செய்யவில்லை, நானும் விரலை விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. றிங் போர்ட்டைக் கடக்கும்போது சற்றே வெளியே பிதுங்கும். கூரான விளிம்பு அதைப் பிடித்துவிட்டது. ஓட்டோ அடுத்த நாளே ஏ9 வீதியில் நின்றது. கழற்றியபோது மேல் றிங்கின் ஒரு துண்டு பிஸ்ரனின் தலையில் குத்தி நின்றது, சிலிண்டரில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போல் நான்கு கோடுகள். ஓட்டோக்காரருக்கு வேறு சிலிண்டர் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். ஏ9 இல் நின்ற ஓட்டோவை இன்னொரு ஓட்டோ கட்டி இழுத்துவரும். 2,000 மீற்றர் உயரத்தில், பொழுது படும் நேரத்தில், இடுப்பளவு பனியில் நிற்கும் வண்டியை யார் இழுப்பார்கள்? அதனால்தான் விலையைக் கேட்பதற்கு முன் போர்ட் விளிம்பின் கிட்டப் படத்தை அனுப்பும்படி கேள் என்று மருமகனிடம் சொன்னேன். ஒருவர் அன்றே அனுப்பினார். மற்றவர் அனுப்பவே இல்லை.

போர் பெரிதானால் இன்னோர் ஆபத்தும் வருகிறது. அந்த இயந்திரங்களில் எக்ஸோஸ்ற் போர்ட்டின் மேல் ஏறி இறங்கும் ஒரு தகட்டு வால்வு உண்டு. பழைய போருக்கு அளவாக வெட்டிய தகடு, பெரிய பிஸ்ரனின் பாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கிற்றோடு புதிய தகடு வருகிறதா, அல்லது பழையதை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று எழுத்தில் தருகிறார்களா என்பதைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கிற் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது சிலிண்டரின் மேல் மூடியான தலை. போர் கூடி, தலைக்குள் இருக்கும் எரியும் அறை பழைய அளவிலேயே இருந்தால் கொம்பிரஷன் உயர்ந்துவிடும். மலையில் காற்று மெலிந்திருப்பதால் உயர்ந்த கொம்பிரஷனை இயந்திரம் தாங்கும். அதே வண்டியைத் தாழ்நிலத்தில் முறுக்கினால் பெற்றோல் தன்பாட்டில் வெடிக்கத் தொடங்கும். அந்த வெடிப்பு என்ன செய்யும் என்பதை வன்னியில் வளர்ந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் எங்கள் அப்பா எம்.டி.90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சிறிய போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஏற்றத்தில் இயந்திரம் சிறு கற்களைத் தகரத்தில் கொட்டியது போல் சத்தமிடும். கழற்றிய பிஸ்ரனின் தலை எறும்பு அரித்த மண்கட்டி போலப் பொள்ளிப் பொள்ளி இருக்கும். தன்பாட்டில் வெடிக்காமல் தாங்கும் அளவைக் காட்டும் ஒக்ரேன் எண் மண்ணெண்ணெய்க்குக் குறைவு, அதனால் வந்த கேடு அது. மருமகனும் என்னிடம், "இங்க 91, உங்க 92, எங்கட பெற்றோல்தான் குறைவு" என்றான். அது தவறு. கனடாவில் பம்பில் எழுதுவது இரண்டு முறைகளில் அளந்த எண்களின் சராசரி. எங்கள் 92 உம் 95 உம் அவற்றில் ஒரு முறையின் எண் மாத்திரம். அவனுடைய 91 எங்கள் 95 க்குக் கிட்ட நிற்கும். கிற் செய்பவர் எந்த உயரத்துக்கு, எந்தப் பெற்றோலுக்கு எனத் தலையைக் கடைந்தார் என்று சொல்ல முடியாவிட்டால் அவரிடம் வாங்கக் கூடாது.

பெற்றோலின் அளவும் முக்கியம். இந்த வண்டியின் கணினி உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. திறொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, சுற்று எத்தனை, காற்றழுத்தமும் வெப்பமும் எவ்வளவு என்பவற்றை வைத்துப் பழைய அட்டவணைப்படி பெற்றோலைத் தெளிக்கிறது. சிலிண்டர் பெரிதானது அதற்குத் தெரியாது. அட்டவணையை மாற்றாமல் முழுத் திறொட்டில் ஏறினால், காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்து, எக்ஸோஸ்ற் பக்கமாகப் பிஸ்ரன் உருகும். கிளச்சும் அப்படித்தான்: பெல்ற்றில் ஓடும் வண்டி என்பதால், 8,000 சுற்றை ஒட்டி அதிக வலு வரும் இடத்தில் இயந்திரத்தைப் பிடித்து வைப்பது கிளச்சின் எடைகளும் சுருள்வில்லும்தான். வலு கூடியதும் பழைய எடைகளால் அதைப் பிடிக்க முடியாது, சுற்று மேலே ஓடிவிடும். இந்த இரண்டு செலவையும் விலைப்பட்டியலில் காட்டாத கிற் மலிவாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால் மலிவில்லை.

புதுக்குடியிருப்புத் தம்பியின் கதை சுருக்கமானது. பல்சர் 150 இல் பழைய மொடலின் ஸ்ரோக் 56.4 மி.மீ., 180 இன் ஸ்ரோக்கும் அதேதான், 63.5 மி.மீ. போர் போட்டால் 178 சி.சி. கணக்கு வரும் என்று அவர் சொன்னது சரி. காபரேற்றர் ஜெற், கிளச், பிரேக், பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் கொள்ளளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரிடம் சிலிண்டர் மட்டும் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருக்கும் சிலிண்டரை றீபோர் அடித்துத் தரும்படி கேட்டார். வண்டி இன்று நன்றாக ஓடுகிறது.

மருமகன் இரண்டாவது கிற்றை எடுத்தான். புதிய வார்ப்பு, முறையாகச் செப்பனிட்ட போர்ட்டுகள், வெட்டிய தகடு, 2,000 மீற்றருக்குக் கடைந்த தலை, பெற்றோல் அட்டவணை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தன. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, பிஸ்ரனைத் தனியாகவும் விற்கிறார்கள் என்பது. பிஸ்ரன் ஒன்று கிடைக்காமல் வருடக்கணக்கில் கொட்டிலுக்குள் நின்ற வண்டிகளைப் பொருளாதாரத் தடைக் காலத்தில் கண்ட எனக்கு அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அடித்து உருவாக்கிய பிஸ்ரன் என்பதால், வார்த்த பிஸ்ரனைவிட அது சூட்டில் கூடுதலாக விரியும். அதற்காகக் குளிரில் இடைவெளியைக் கொஞ்சம் கூட வைத்திருப்பார்கள். தண்ணீர் சூடேறும் வரை திறொட்டிலை முறுக்காதே என்று மூன்று தடவை சொன்னேன்.

பூட்டிய அன்று வட்ஸ்அப்பில் நானும் கூடவே நின்றேன், இங்கே விடியப்புறம், அங்கே பின்னேரம். கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் பிஸ்ரன் ஊசியின் பூட்டு வளையத்தைப் போடச் சொன்னேன். அது துள்ளி உள்ளே விழுந்தால் முழு இயந்திரத்தையும் பிரிக்க வேண்டி வரும். பழைய வளையங்களைத் திரும்பப் போடவும் விடவில்லை. தலையைப் பூட்டிய பின், ஸ்பார்க் பிளக் துவாரத்தால் ஈயக்கம்பியை விட்டு, கிராங்க்கை மெதுவாகச் சுற்றி, நசுங்கிய நுனியை அளக்கச் சொன்னேன்; பிஸ்ரனுக்கும் தலைக்கும் இடையே மிஞ்சும் இடைவெளி அதுதான். பிஸ்ரன் ஆடும் என்பதால் ஊசியின் இரு முனைப் பக்கமும் அளக்க வேண்டும். முதல் சிலிண்டரில் இரு பக்கமும் 1.4 மி.மீ. இரண்டாவதில் ஒரு பக்கம் 1.4, மறுபக்கம் 1.7. "ஓடும்தானே மாமா?" என்றான். தலையைக் கழற்று என்றேன். சிலிண்டரையும் தூக்கிப் பார்த்தபோது, அடிக் கஸ்கற்றின் கீழே, கிராங்க் கேஸின் மேற்பரப்பில், பழைய கஸ்கற்றின் ஒரு சிறு துண்டு சுரண்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டித் துடைத்து, புதிய கஸ்கற் போட்டு மறுபடி அளந்தான். நான்கு இடத்திலும் 1.4.