சின்ன ரூமானாலும் தீவுக்குள்ளேயே எடுங்கள்

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து தூரத்து உறவுப் பையன் ஒருத்தன் போன் செய்தான். "அக்கா, மும்பை லோயர் பரேல் ஆபீசுக்கு மாத்திட்டாங்க. டோம்பிவிலியில ரெண்டு பெட்ரூம் வீடு பாத்திருக்கேன். அதே வாடகைக்கு மாதுங்கா பக்கம் ஒரு ரூமும் கிச்சனும்தான் கிடைக்குமாம்."

அந்த ஒரு ரூமையே எடுல என்றேன். இப்படிச் சொல்லி நிறைய பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

டோம்பிவிலி நல்ல ஊர்தான். ஆனால் மும்பைத் தீவு வடக்கே மாஹிம், சயானோடு முடிந்துவிடுகிறது; மாதுங்கா அதற்குள்ளே, டோம்பிவிலி வெளியே. சயானை மராத்தியில் 'ஷீவ்' என்பார்கள், எல்லை என்று அர்த்தம். அதற்கும் ரொம்பத் தள்ளி வீடு எடுத்தால் காலையில் லோக்கல் ரயிலில் தொற்றிக்கொண்டு ஒரு மணி நேரம், ராத்திரி திரும்ப ஒரு மணி நேரம். ஊரில் நீங்கள் பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகைத்தான்.

தீவுக்குள் வீடு கிடைப்பது லேசில்லை. ஏழு தீவாகக் கிடந்த இந்த இடம் 1661-இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரீனுக்குச் சீதனமாக இங்கிலாந்து ராஜாவிடம் போனது. 1668-இல் அவர் வருஷத்துக்கு 10 பவுண்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டார். இங்கே மலிவு வாடகை என்பது அதோடு சரி. இப்போது 11 மாத ஒப்பந்தம், டெபாசிட், புரோக்கருக்குத் தனியாக. எனக்கு மூன்று அடுக்குமாடி சொசைட்டியில் 'மீன், கறி சமைப்பீர்களா' என்று கேட்டே கதவைச் சாத்தினார்கள். பல ஜனங்கள் கூடி வாழும் ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோம், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுபதுகளில் 'லுங்கிவாலா' என்று நம்மாட்களை விரட்டியதும் இதே ஊரில்தான்.

நாலாவது வீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் கோவாக்காரி ஒரு புதன்கிழமை மாஹிம் சர்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் மெழுகில் வார்த்த கை, கால், குழந்தை எல்லாம் விற்கிறார்கள். எது வேண்டுமோ அதை வாங்கி வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு வீடு. உள்ளங்கை அளவு, ஓட்டுக்கூரை, குட்டிக் கதவு. வரிசையில் எனக்கு முன்னால் பூ வைத்த மாமி ஒருத்தர், பின்னால் புர்கா போட்ட அம்மா. அவர் கையிலும் வீடுதான்! என்னைப் பார்த்துச் சிரித்தார், 'டெபாசிட் எவ்வளவு கேட்கிறான்?' என்று இந்தியில் கேட்டார்.

அப்புறம் சயானில் ஒரு ரூம் கிடைத்தது. மெழுகு வீட்டாலா என்று கேட்காதீர்கள், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தேன்.

அங்கிருந்து நடந்தால் தாராவி. தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் 90 அடி ரோட்டில் நம்ம பேச்சே பேசுகிறார்கள், கொஞ்சம் தள்ளிக் கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்கள் சூளை போடுகிறார்கள். மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயைக் காட்டி 'கேவட்யாலா?' என்று கஷ்டப்பட்டு மராத்தியில் விலை கேட்டேன். கடைக்காரர் தமிழில் பதில் சொன்னார். ராத்திரி ஒன்பது மணிக்குச் சும்மா காலாறப் போனபோது கிடைத்தவை இவை. ரயிலில் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் கிடைத்திருக்காது.

குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு இடம் வேண்டும். தனியாளாக வருகிறவர்கள் முதல் வருஷமாவது உள்ளே இருந்து பாருங்கள்.

பையன் நேற்று படம் அனுப்பினான். ஆன்டாப் ஹில்லில் ஒரு ரூம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி கைக்கு எட்டுகிறது. பிரிட்ஜை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லையாம்.