கண்ணகி கோட்டத்துல நாங்க எங்க நிக்கணும்?

தமிழ்நாடு-கேரளா எல்லை மலை மேல இருக்குற கண்ணகி கோயில் வரிசையில ஒருத்தர் கத்துற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீங்க. சித்ரா பௌர்ணமி அன்னிக்கு நான் அதே வரிசையிலதான் நின்னேன். "கேரளாக்காரங்கல்லாம் தள்ளி நில்லுங்க, இது எங்க கோயில்"னு அந்த அண்ணன் யாரைப் பாத்துக் கத்துனார்னு வீடியோவுல தெரியாது. என்னையும் எங்க மதினியையும் பாத்துத்தான். மதினி பேசுன ஒரு வார்த்தையில மலையாள வாடை அடிச்சிருச்சாம்.

நாங்க கேரளாவுல பீருமேடு பக்கம் வண்டிப்பெரியாறு. குமுளியில ஜீப்பு புடிச்சு ஏறுனோம். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடி வழியா நடந்து வந்தா பக்தன், குமுளி வழியா வந்தா அந்நியனா? எங்க தாத்தா கங்காணி பின்னாடி தேயிலைக் காட்டுக்கு வந்தப்ப கேரளான்னு ஒரு மாநிலமே கிடையாது. 1956 நவம்பர் 1-ல பீருமேடும் தேவிகுளமும் கேரளாவுக்குப் போச்சு. எங்க லயத்துக்கு, அதான் எஸ்டேட் லைன் வீட்டுக்கு, வந்து யாரும் எங்களைக் கேக்கல.

"கோவத்துல சொல்லிட்டாரு, விடுங்கக்கா"ன்னு இன்பாக்ஸ்ல வர்றாங்க. விடலாம். 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு சண்டை முத்துனப்ப எங்க ஜனங்க பிள்ளைகுட்டியத் தூக்கிக்கிட்டு தமிழ்நாட்டுக்கு, கம்பம் பக்கம் இறங்குனதையும் அப்படித்தான் விட்டோம். அப்ப நாங்க தமிழங்க. சாமி கும்பிட வந்தா கேரளாக்காரங்க. நல்லாருக்குல்ல?

"கோயிலுக்கு வர்றவங்களுக்குப் போடுற கெடுபிடி பத்தி ஏன் வாயே திறக்கல?"ன்னும் கேக்குறாங்க. திறக்குறேன். வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் பகல்ல மட்டும் கோயிலுக்கு விடுறதுங்கிறது பத்தாது. சரிஞ்சு கிடக்குற கல்லை எடுத்துக் கட்டணும். அங்க தமிழ்க் கல்வெட்டு இருக்கு. 1963-ல தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் இதுதான் சிலப்பதிகாரம் சொல்ற கோட்டம்னு கண்டு சொன்னாரு. எல்லாம் சரி. கோயில் இருக்குற புலிகள் காப்பகத்துக்குள்ள பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போக விடலைன்னு அழுவுறவங்களுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. ஆனா இதுக்கெல்லாம் கோவம் வந்தா ரெண்டு அரசாங்கத்துக்கிட்ட கேளுங்க. எங்க மதினி என்ன பண்ணுவா?

நான் ஏன் போனேன்னு சொல்லிடுறேன். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா கூடப் போனது. நடுவுல போகணும்னே தோணல. அவர் தவறினப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் நானா ஓரமா ஒதுங்கிடுவேன். குங்குமத் தட்டு வந்தா கையை நீட்டுறதில்ல. மதினிதான், "அந்த ஆத்தாளும் புருஷனைப் பறிகொடுத்தவதானடி, அங்க உன்னை யாரு என்ன சொல்லப்போறா"ன்னு விரதம் இருக்க வச்சுக் கூட்டிட்டுப் போனா. ஜீப்பு குலுக்குன குலுக்குல இடுப்பு கழண்டு போச்சு, அது வேற கதை. மேல ஏறி, புல்மேட்டுக் காத்துல, அந்த இடிஞ்ச மதிலைப் பாத்ததும் எத்தனையோ நாளைக்கப்புறம் கூச்சமில்லாம வரிசையில நடுவுல நின்னேன். அப்பத்தான் அந்தக் குரல். தள்ளி நில்லுங்க.

கண்ணகி பொறந்தது சோழ நாட்டுப் புகார்ல. புருஷனைப் பறிகொடுத்தது பாண்டியன் மதுரையில. கோயில் கட்டுனது சேரன் செங்குட்டுவன். கும்பிட வந்தவங்கள்ல இலங்கை கயவாகு மன்னனும் உண்டு. அவரை யாரும் தள்ளி நிக்கச் சொன்னதா சிலப்பதிகாரத்துல இளங்கோவடிகள் எழுதல. வேங்கை மரத்தடியில நின்னவளை மொதல்ல பாத்த மலைக்குறவங்க "யாரும்மா நீங்க"ன்னுதான் கேட்டாங்க. கேட்டுட்டு, சாமியாக்கிக் குரவைக் கூத்து ஆடுனாங்க. கேரளாவுல கொடுங்கல்லூர்லயும் அவளை பகவதியாக் கும்பிடுறாங்க. அங்க போயும் கத்துவீங்களாண்ணே?

"நீங்க மலையாளிகளுக்கு வக்காலத்து"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. நான் பேசுறது எனக்காக. புரியலைன்னா திரும்பவும் சொல்றேன், எனக்காக. அப்படியே மதினி மலையாளியா இருந்தாத்தான் என்ன? அவளும் விரதம் இருந்துதான் ஏறுனா.

அடுத்த சித்ரா பௌர்ணமிக்கும் போவேன். குமுளி வழியாத்தான். கமெண்ட்ல "நீங்க எந்தப் பக்கம்"னு கேக்குறவங்களுக்கு, பிளாக் பட்டன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.