ஹாக்னி டைமண்ட்ஸ்: முதலில் டிரம்ஸைக் கேளுங்கள்

18 வருஷம் கழித்து, 2023இல் பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் சொந்தப் பாடல்களோடு 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பம் போட்டார்கள். ரசிகர்கள் கொண்டாடுவது நியாயம்தான். ஆனால் பேச்செல்லாம் லேடி காகா, பால் மெக்கார்ட்னி என்று ஆல்பத்தில் விருந்தாளிகளாக வந்த கலைஞர்கள் பக்கமே போகிறது. குழுவின் டிரம்மர், 2021இல் மறைந்த சார்லி வாட்ஸ் வாசித்த 'மெஸ் இட் அப்', 'லிவ் பை தி ஸ்வோர்ட்' இரண்டையும் ஹெட்போனில் கேளுங்கள். ஸ்னேர் டிரம்மில் அடி விழும் நேரத்தில் ஹை-ஹாட்டை (ஜோடித் தாளத் தட்டை) அடிக்காமல் விட்டுவிடுவது அவர் பாணி. அந்த இடைவெளியில்தான் தாளம் மூச்சு விடும்.

டிரம்ஸ் கேட்டபின் கிட்டாருக்கு வாருங்கள். குழுவின் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸின் ஓப்பன் ஜி (கம்பிகளை அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் சுருதி அமைப்பு) வேண்டுமா? ஆறாவது கம்பியைக் கழற்றுங்கள். ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதலாவதை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மெல்லிய கம்பி செட் என்றால், சுருதி இறக்கியதும் கம்பி தொய்ந்து, அழுத்தி அடித்தால் சுருதி விலகும். சற்றே தடித்ததைப் போடுங்கள்.