முள் வழுக்கி ஓடினால் அசல் ஆகிவிடுமா?
நொடி முள் வழுக்கி ஓடினால் அசல் ரோலெக்ஸ் கைக்கடிகாரம் என்று சொல்வது பழைய கணக்கு. முள்ளை அப்படி ஓடவைக்கும் மணிக்கு 28,800 அதிர்வு, அதாவது நொடிக்கு 8 அதிர்வு, இன்றைய நல்ல போலிகளிலும் உண்டு. போதாக்குறைக்கு, ரோலெக்ஸே ஒரு காலத்தில் குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும்) கடிகாரம் விற்றது. அதன் முள் துடித்துத்தான் நகரும்.

10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பில் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) டயலைப் பாருங்கள். போலியில் எழுத்தின் ஓரம் பெரும்பாலும் கசிந்திருக்கும். தேதி மேலுள்ள லென்ஸ் 2.5 மடங்கு காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் சந்தேகம்தான், ஆனால் கண்ணாடி மட்டும் மாற்றிய அசலாகவும் இருக்கலாம்.

எடை பார்ப்பது வீண். பெட்டி, வாரண்டி அட்டை எல்லாம் போலியாகவே கிடைக்கின்றன. வரிசை எண்ணையும் அசலிலிருந்து நகலெடுத்துவிடுகிறார்கள். பின்மூடியைத் திறக்காமல் தீர்ப்பு சொல்லவே கூடாது.

உதாரணத்துக்கு ரோலெக்ஸின் 3135 எந்திரம். பேலன்ஸ் வீலின் (முன்னும் பின்னும் ஆடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம்) மேல் உள்ள பாலம் போன்ற பட்டை இரு முனையிலும் திருகி இருக்கும். வேகத்தைத் திருத்த நெம்புகோல் கிடையாது. அதற்கு அந்தச் சக்கர வளையத்தின் உட்புறம் உள்ள 4 மைக்ரோஸ்டெல்லா என்ற சிறு நட்டுகள்தான். நெம்புகோல் நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சே வேண்டாம், போலி. இந்த நட்டுகளையும் காப்பியடித்த எந்திரங்கள் வந்துவிட்டதால், பாகங்களின் மெருகுவேலையையும் அசலோடு ஒப்பிட வேண்டும். மூடும்போது கேஸ்கெட்டை (நீர் புகாமல் தடுக்கும் வளையம்) பார்த்து, நீர்புகாச் சோதனையும் செய்துவிடுங்கள்.