பயந்தவரிடம் இல்லை, பயம் காட்டியவரிடம்தான் கேட்கிறேன்

செத்தவீட்டுக்குப் போய்வந்த யாரோ பேசிய அந்தக் குரல் பதிவைத் திருகோணமலையில் கேட்காதவர்கள் இனி இருக்க முடியாது. ‘கான்சர்காரருக்குத் தடுப்பூசி ஆகாதாம், போட்டதும் உடம்பெல்லாம் பரவிட்டுதாம்.’ கடைசியில் ‘எல்லாருக்கும் அனுப்புங்கோ’ வேறு. அனுப்பினீர்கள். அம்மாவின் போனுக்கும் அனுப்பினீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் மார்புப் புற்றுநோயும், இரவு பஸ்ஸில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் இங்கே பலருக்குத் தெரியும். இப்போது திரும்பவும் கீமோ தொடங்கப்போகிறது. அதற்கு இரண்டு வாரம் முந்தியே சளிக்காய்ச்சல் (இன்புளுவென்சா) தடுப்பூசி போட்டுவிடச் சொன்னார் மருத்துவர். சரி என்றிருந்த அம்மா, பதிவைக் கேட்டபிறகு வேண்டாம் என்கிறார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. இவ்வளவும் பட்ட உடம்பு பயப்படத்தான் செய்யும். பயம் காட்டியவர்களைத்தான் கேட்கிறேன்: உங்களுக்கு என்ன தெரியும்?

‘எல்லாம் பொய்யா?’ என்று வருவீர்கள். இல்லை, பாதி உண்மை. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யும் ஊசிகள் உண்டு. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்குப் போடும் எம்.எம்.ஆர், அம்மாள் வருத்தத்துக்கு (சின்னம்மைக்கு) போடுவது எல்லாம் அந்த வகை. கீமோ எடுப்பவருக்கு அவற்றைப் போடக் கூடாது. சளிக்காய்ச்சல் ஊசியில் உயிருள்ள கிருமியே இல்லை. அதனால் அந்தக் காய்ச்சலையே உண்டாக்க முடியாது, பிறகெப்படிப் புற்றைப் பரப்பும்? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் வாயை மூடிக்கொண்டு மருத்துவரிடம் கேட்கலாமே.

பரவிய கதை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். கொரோனா காலத்தில் அம்மாவுக்கு மூன்றாவது ஊசியாகப் பைசர் போட்டார்கள். இடப்பக்கம் அறுவைச் சிகிச்சை என்பதால் வலக்கையில். கொஞ்ச நாளில் வலது கக்கத்தில் நெறி கட்டியது. மார்புப் புற்றுநோய் வந்தவர் கக்கத்தில் கையை வைக்க ஒரு கட்டி தட்டுப்பட்டால் எப்படி இருக்கும்? அம்மா சாப்பிடவில்லை. நான் பத்திரகாளியம்மனிடம் போய் நின்றேன். வந்த உறவுகளோ ‘அப்பவே சொன்னனாங்கள்’ என்றார்கள். மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசி போட்ட பக்கத்தில் இப்படி நெறி கட்டுவது உண்டு, உடம்பு ஊசிக்கு வேலை செய்கிறது, சில வாரம் பார்ப்போம் என்றார். ஸ்கேனும் எடுத்தார்கள். வற்றிவிட்டது. வற்றியதை எந்தக் குழுவிலும் யாரும் குரல் பதிவாகப் போடவில்லை.

‘கீமோ எடுப்பவர்களை வைத்துச் சோதிக்கவே இல்லையே’ என்று படித்தவர் ஒருவர் கேட்டார். நியாயம். கொரோனா ஊசியின் முதல் ஆய்வுகளில் அவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. பிறகு உலகம் முழுக்க அவர்களுக்கும் போட்டு, என்ன ஆகிறது என்று பார்த்தும் விட்டார்கள். எதிர்ப்புச்சக்தி சிலருக்குக் குறைவாக வருகிறது. சில இரத்தப் புற்றுகளுக்குக் கொடுக்கும் ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றியவர்களுக்கு ஆறு மாதம்வரை ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. குறைவாகப் பிடிக்கும் என்பது வேறு, ஆளைக் கொல்லும் என்பது வேறு. ‘மருந்துக் கம்பனிக்காரன் காசு’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. கீமோவும் கம்பனி மருந்துதான்.

ஊசி போட்டால் கை நோகும், ஒரு நாள் உடம்பு சுடும். ஆனால் கீமோ எடுப்பவருக்கு 38 பாகை தாண்டினால் ‘ஊசிக் காய்ச்சல்தான்’ என்று பனடோலோடு வீட்டில் படுக்க விடாதீர்கள். வெள்ளணுக்கள் இறங்கியிருந்தால் உயிருக்கு ஆபத்தாக ஒரு இரவே போதும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பகிர்வதென்றால் இதைப் பகிருங்கள்.

அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அது அவரின் உடம்பு. நான் போட்டுவிட்டேன், தம்பியும் போட்டுவிட்டான். காசு கொடுத்துத்தான். வீட்டுக்குள் காய்ச்சலைக் கொண்டுவராமல் இருக்கிறதுக்கு அதுவாவது நம் கையில் இருக்கிறது.

ஆனால் நீங்கள்? தும்மிக்கொண்டே ‘சும்மா பார்த்திட்டுப் போக வந்தனான்’ என்று வருவீர்கள். மாஸ்க் நீட்டினால் ‘எங்களுக்கு என்ன வருத்தமோ’ என்று கோபிப்பீர்கள். அன்னமுன்னா இலையை அவித்துக் குடிக்கச் சொல்வீர்கள், அதை யார் சோதித்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. முடி கொட்டியபோது அம்மாவின் முகத்துக்கு நேரே ‘ஐயோ’ என்றவர்கள்தான் இன்று அவரைக் காப்பாற்றக் குரல் பதிவு அனுப்புகிறார்கள். கீமோ அறைக்கு வெளியே வாங்கில் இருந்தபோது உங்களில் ஒருவரையும் நான் காணவில்லை.

இனி அம்மாவின் போனுக்கு எதையும் அனுப்ப வேண்டாம். எனக்கு அனுப்புங்கள். கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவரிடமே போட்டுக் காட்டுகிறேன், உங்கள் பெயரையும் சொல்லி.