பழைய நீலப்படங்களையும் காப்பாற்றத்தான் வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் விற்க வேண்டியதில்லை

அமெரிக்காவில் 'வினிகர் சிண்ட்ரோம்' என்றொரு நிறுவனம் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் 2012இல் தொடங்கியது. திகில் படம், மலிவு ஆக்‌ஷன் படம் எல்லாம் போடுவார்கள். ஆனால் அவர்கள் பேர் வாங்கியதில் பெரும்பங்கு, 1970களிலும் 80களிலும் ஃபிலிமில் எடுத்த நீலப்படங்களின் நெகட்டிவைத் தேடிப்பிடித்து, ஸ்கேன் செய்து, நிறம் திருத்தி, ப்ளூ-ரே டிஸ்க்காக வெளியிட்டதால் வந்தது. இதைச் சொன்னாலே நண்பர்கள் சிரிக்கிறார்கள். "அந்தப் படத்துக்கெல்லாம் ரெஸ்டோரேஷனா?"

ஆமாம், அதற்கும்தான். வீடியோ வருவதற்கு முன்பு இந்தப் படங்கள் 16 மிமீ, 35 மிமீ ஃபிலிமில் எடுக்கப்பட்டு, டிக்கெட் வாங்கித் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கப்பட்டவை. இயக்குநர் ராட்லி மெட்ஸ்கர் போன்ற ஒருவர், 'ஹென்றி பாரிஸ்' என்ற புனைபெயரில், கதை, நகைச்சுவை, வெளிநாட்டுப் படப்பிடிப்பு என்று சினிமாவாகவே எடுத்தார். மற்றபடி பெரும்பாலானவை சுமார் ரகம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனுமதி வாங்காமல் தெருவில் கேமராவை வைத்து எடுத்த அந்தச் சுமார் படங்களில்தான் நியூயார்க்கின் அன்றைய டைம்ஸ் ஸ்கொயர் அப்படியே இருக்கிறது: தியேட்டர் முகப்புகள், விளம்பரப் பலகைகள், கேமரா இருப்பதே தெரியாமல் நடந்துபோகும் ஜனங்கள். செட் போட்டு எடுத்த பெரிய படங்களில் அது கிடைக்காது.

இவை அழிவது வேகமாக நடக்கிறது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையத் தொடங்கினால் காடி (வினிகர்) வாசனை அடிக்கும், சுருங்கும், வளையும். அந்த அமில ஆவி பக்கத்து ரீலையும் பிடிக்கும். நிறுவனத்தின் பேரே இந்த நோயின் பேர்தான். நெகட்டிவைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் கம்பெனியை மூடிவிட்டுப் போயிருப்பார், லேபும் மூடியிருக்கும், டப்பாக்கள் குப்பைக்குப் போயிருக்கும். கிடைத்தாலும் முழுசாக இருக்காது. எல்லாவற்றையும் அப்பட்டமாகக் காட்டும் பதிப்பு, மிதமான பதிப்பு என்று ஒரே நெகட்டிவை வெட்டி ஒட்டியிருப்பார்கள். விட்டுப்போன காட்சியை, சிவந்து வெளுத்த ஏதோ ஒரு தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆவணக்காப்பகம் எதுவும் இதற்கு எளிதில் கையெழுத்துப் போடாது. ஆக, டிஸ்க் வாங்குகிறவன் கொடுக்கும் காசில்தான் இந்த வேலை நடக்கிறது.

எனக்குச் சங்கடம் இங்கேதான். பாதுகாப்பது ஒன்று, பளபளப்பான பெட்டியில் போட்டு விற்பது வேறு. 1972இன் 'டீப் த்ரோட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நடித்த லிண்டா போர்மன், கணவன் அடித்து மிரட்டித் தன்னை நடிக்க வைத்தான் என்று 1980இல் புத்தகமே எழுதினார். ஆபாசப் படங்களைப் பற்றி விசாரிக்க அமெரிக்க அரசு அமைத்த மீஸ் ஆணையத்தின் முன்னும் 1986இல் சாட்சி சொன்னார். 2002இல் இறந்துவிட்டார். படத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு, இயக்குநரின் பிள்ளைகள் முன்னின்று அதை 4கே-யில் மீட்டெடுத்தார்கள். நெகட்டிவ் குளிரறையில் பத்திரமாக இருக்கட்டும், ஆய்வாளர் போய்ப் பார்க்கட்டும். அதைக் கொண்டாட்டப் பதிப்பாகக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியவில்லை. வயது வராதவர்கள் நடித்தது தெரியவந்த படங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவை சட்டப்படியே வெளியே வரக்கூடாதவை.

மீதி நடிகர்கள்? அன்றைக்கு நாள் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள், அதற்குமேல் பங்கு கிடையாது. நாற்பது வருஷம் கழித்து, தன் முகம் அன்று தியேட்டரில் தெரிந்ததைவிடத் தெளிவாக யாரோ வீட்டு டிவியில் தெரியும் என்று அவர்களில் யார் நினைத்திருப்பார்கள்? சில டிஸ்க்குகளில் அவர்களையே கூப்பிட்டுப் பேட்டி எடுத்துச் சேர்க்கிறார்கள். எனக்குப் படத்தைவிட அந்தப் பேட்டிகள்தான் பிடிக்கும், சிலர் அவ்வளவு கிண்டலும் தெளிவுமாகப் பேசுகிறார்கள். பேட்டிக்கு அழைப்பதோடு நிறுத்தாமல் விற்பனையில் ஒரு பங்கும் கொடுக்கலாம். "அட்டையில் என் படம் வேண்டாம்" என்று ஒருவர் கேட்டால் எடுத்துவிடலாம். ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை என்பார்கள். சரி, 1974இல் அந்த ஒப்பந்தத்தை எழுதியவனுக்கு ப்ளூ-ரே என்றால் என்னவென்று தெரியுமா?