பெரிய வண்டி மேல்தான் தப்பு என்று எந்தச் சட்டமும் இல்லை

"காரும் பைக்கும் மோதினால் கார்காரர்தான் பணம் கொடுக்கணும், சட்டமே அப்படித்தான்" என்று காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் வண்டியின் அளவைப் பார்த்துத் தப்பை முடிவு செய்யச் சொல்லவில்லை. யார் கவனமில்லாமல் ஓட்டினார் என்பதுதான் கேள்வி, இருவர் மேலும் தப்பு இருந்தால் பொறுப்பும் பிரியும்.

கானாடுகாத்தானில் பெரியப்பாவின் காருக்கு நேர்ந்தது இதுதான். அங்கே தெரு முனை வரைக்கும் வீட்டு மதில்தான், எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. சந்திலிருந்து வேகமாக வந்த பைக் இடது பம்பரில் உரசியது, உள்ளங்கை அகலத்துக்குக் கீறல். கூடிய நாலு பேர் "கார்ல வர்றவுக, ரெண்டாயிரம் கொடுத்துட்டுப் போங்கண்ணே" என்றதும் கொடுத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படிப் பணம் கொடுப்பதோ, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுப்பதோ கூடாது; இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. வண்டியை நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள், நம்பர் பிளேட்டும் தெரு முனையும் சேர்ந்து தெரிய.

அப்புறம், அடுத்தவருக்கு ஆகும் சேதத்தை மட்டும் ஏற்கும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் பம்பருக்கு அதிலிருந்து பணம் வராது. முழு பாலிசி என்றால் தப்பு உங்களுடையதாக இருந்தாலும் கிளெய்ம் செய்யலாம், ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும், கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காக பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சின்னக் கீறலென்றால் அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.